இரண்டு வர்க்கங்களின் கூடுதல் −6? மூலங்கள், கெழுக்கள் பற்றி ஒரு சந்தேகம்

இரவுப்பறவை

எல்லோருக்கும் வணக்கம். போனில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது. அதனால் மாறிக்கு ய, இரண்டு மூலங்களுக்கு ப, ம என்று போடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான்: ய² − 2ய + 5 = 0 என்பதன் மூலங்கள் ப, ம எனில் ப² + ம² எவ்வளவு?

ப + ம = 2 (ய-யின் கெழு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண், குறி மாறியது), ப·ம = 5 (கடைசி எண் அப்படியே). ஆக ப² + ம² = (ப + ம)² − 2ப·ம = 4 − 10 = −6.

திரும்பத் திரும்பப் போட்டாலும் −6தான் வருகிறது. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மைனஸ் எப்படி வரும்? சூத்திரத்தில் ஏதாவது விட்டுவிட்டேனா?

கூடவே இன்னொரு சந்தேகம். மூலங்களை நேராகக் கண்டுபிடித்து, வர்க்கமாக்கி, கூட்டிவிட்டால் முடிந்தது. எதற்கு இந்தக் கூடுதல், பெருக்கற்பலன் என்று சுற்றிவளைக்க வேண்டும்?

குறுக்குவழி

விடை சரி. தன்மைகாட்டி (இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இருப்பது) 4 − 20 = −16. மூலங்கள் மெய்யெண்கள் இல்லை. அடுத்த கணக்குக்குப் போங்க.

பழையசிலேட்டு

குறுக்குவழி சொன்னது சரிதான், ஆனால் அதோடு நிறுத்தினால் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது. எடுத்துப் பார்த்துவிடலாம்.

மூலங்கள் 1 + 2√(−1), 1 − 2√(−1). முதலாவதை வர்க்கப்படுத்தினால் 1 + 4√(−1) − 4, அதாவது −3 + 4√(−1). இரண்டாவதன் வர்க்கம் −3 − 4√(−1). கூட்டினால் கற்பனைப் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் −6. உங்கள் சூத்திரம் எதையும் விடவில்லை தம்பி. "வர்க்கம் என்றால் மைனஸ் ஆகாது" என்பது மெய்யெண்களுக்கு மட்டுமான விதி. ப + ம, ப·ம இரண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மூலங்கள் மெய்யோ கலப்போ, இரண்டும் சமமோ, எதுவானாலும் பொருந்தும்.

சொல்லப்போனால் அந்த −6 ஒரு நல்ல அடையாளம். கெழுக்கள் மெய்யெண்களாக இருந்து, மூலங்களின் வர்க்கக் கூடுதல் மைனஸில் வந்தால், மூலங்கள் மெய்யெண்கள் அல்ல என்று தன்மைகாட்டியைத் தொடாமலேயே சொல்லிவிடலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. ய² − 4ய + 5 = 0 எடுத்தால் 16 − 10 = 6, பிளஸ்தான். மூலங்களோ 2 ± √(−1).

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. 3ய² − 7ய + 1 = 0 எடுத்துக்கொள்ளுங்கள். மூலங்கள் (7 ± √37)/6. இப்போது ப³ + ம³ வேண்டும். நேர்வழியில் போனால் √37-ஐ முப்படிக்கு ஏற்றி விரித்து, இரண்டு பக்கமும் எழுதி, கடைசியில் அந்த √37 எல்லாமே அடிபட்டுப் போவதைப் பார்ப்பீர்கள். கூடுதல் 7/3, பெருக்கற்பலன் 1/3 என்று தெரிந்தால்:

ப³ + ம³ = (ப + ம)³ − 3ப·ம(ப + ம) = 343/27 − 7/3 = 280/27.

இரண்டு வரி. √37 வரவே இல்லை. கடைசியில் அடிபட்டுப் போகப்போகிற ஒன்றை முதலில் எதற்கு வரவழைக்க வேண்டும்?

இரவுப்பறவை

ரொம்ப நன்றி டீச்சர். (டீச்சர்தானே?) 280/27 நானும் போட்டுப் பார்த்தேன், வந்தது.

கூடுதலுக்கு மட்டும் மைனஸ், பெருக்கலுக்கு இல்லை. அது ஏன்? பரீட்சையில் இங்கேதான் குறி மாறிவிடுகிறது.

குறுக்குவழி

மனப்பாடம் பண்ணுங்க. கூடுதலுக்கு மைனஸ் உண்டு, பெருக்கலுக்கு இல்லை. முடிந்தது.

கணக்குப்பித்தன்

மனப்பாடம் செய்தவர்தான் பரீட்சையில் குறியைக் கோட்டைவிடுவார். :)

இருபடிச் சமன்பாட்டை அ·ய² + ஆ·ய + இ = 0 என்று வைப்போம், அ பூச்சியம் இல்லை. மூலங்கள் ப, ம என்றால் இடப்பக்கம் அ(ய − ப)(ய − ம) என்றுதான் இருக்க முடியும். விரித்தால்:

அ·ய² − அ(ப + ம)·ய + அ·ப·ம

ய இருக்கும் உறுப்பைப் பாருங்கள். −ப ஒரு தடவை, −ம ஒரு தடவை. ஒரே ஒரு மைனஸ், அதனால் மைனஸாகவே நிற்கிறது. கடைசி உறுப்பில் (−ப)(−ம), இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆகிவிட்டது. ஆக ப + ம = −ஆ/அ, ப·ம = இ/அ. முப்படிச் சமன்பாட்டுக்கும் இதே கதைதான். மூன்று மூலங்களின் பெருக்கலில் மூன்று மைனஸ், அதனால் அங்கே மறுபடி மைனஸ் வரும். குறி ஏன் மாறி மாறி வருகிறது என்று தெரிந்துவிட்டால் எத்தனை படி ஆனாலும் தடுமாற்றம் இல்லை.

நீலமை

இருபடிச் சூத்திரத்திலிருந்தும் காட்டலாமே. (−ஆ + √…)/2அ, (−ஆ − √…)/2அ இரண்டையும் கூட்டினால் √ போய்விடும், −2ஆ/2அ. எனக்கு வகுப்பில் இப்படித்தான் நடத்தினார்கள்.

கணக்குப்பித்தன்

காட்டலாம், தப்பே இல்லை. ஆனால் அது தலைகீழ் வழி என்பது என் எண்ணம். சூத்திரம் தெரிந்த பிறகு கூட்டிப் பார்த்து "அட, சரியாக வருகிறதே" என்கிறோம். ஏன் வருகிறது என்பதற்கு அங்கே பதில் இல்லை. அதோடு ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், √ மாதிரி மூலக்குறிகள் மட்டும் வைத்து எழுதும் பொதுச் சூத்திரமே கிடையாது. அங்கேயும் மூலங்களின் கூடுதல் கெழுவிலிருந்து அப்படியே கிடைக்கிறதே! அப்போது நியாயம் காரணிகளில்தானே இருக்க வேண்டும்?

பழையசிலேட்டு

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். கூடுதல், பெருக்கற்பலன் இரண்டிலிருந்து சூத்திரத்தையே வரவழைத்துவிடலாம். இனிமேல் ப + ம என்பதை கூ என்றும், ப·ம என்பதை பெ என்றும் எழுதுகிறேன், கை வலிக்கிறது.

இரண்டு எண்களின் கூடுதல் கூ என்றால் அவற்றின் சராசரி கூ/2. ஒன்று சராசரிக்கு எவ்வளவு மேலேயோ, மற்றது அதே அளவு கீழே. அந்த அளவை த என்று வைத்தால் எண்கள் கூ/2 + த, கூ/2 − த. பெருக்கினால் கூ²/4 − த² = பெ. அதாவது த² = கூ²/4 − பெ. முடிந்தது.

ய² − 10ய + 21 = 0: சராசரி 5, த² = 25 − 21 = 4, மூலங்கள் 5 + 2, 5 − 2. காரணி தேடி 3-ஆ 7-ஆ என்று விரல்விட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

2019-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் போ-ஷென் லோ இந்த வழியைப் பிரபலப்படுத்தினார். ஆனால் இதன் உள்கணக்கு ரொம்பப் பழசு. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே கூடுதலும் பெருக்கலும் கொடுத்து இரண்டு எண்களைக் கேட்கும் கணக்குகள் இருக்கின்றன. தீர்வும் கிட்டத்தட்ட இதே படிகள்தான்: பாதியாக்கு, வர்க்கமாக்கு, பெருக்கலைக் கழி, வர்க்கமூலம் எடு, கூட்டு, கழி.

நீலமை

பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் வழி வேறு இல்லையா? இருபுறமும் 4அ-ஆல் பெருக்கி ஆ² சேர்ப்பது. (2அ·ய + ஆ)² = ஆ² − 4அ·இ. பாஸ்கரர் தன் பீஜகணிதத்தில் இதை ஸ்ரீதரர் பெயரைச் சொல்லியே எடுத்துக் காட்டுகிறார். எனக்கு அதில் பிடித்தது, பின்னமே வராது.

அப்புறம் இந்த மூலங்கள்–கெழுக்கள் தொடர்பை வியட்டா சூத்திரம் என்கிறார்களே, அவர் யார்?

பழையசிலேட்டு

பிரான்சுவா வியெட், பிரெஞ்சுக்காரர், 1540-இல் பிறந்து 1603-இல் இறந்தவர். தொழில் வழக்கறிஞர், அரசருக்கு ஆலோசகர். கணிதம் ஓய்வு நேரத்தில். வியட்டா என்பது அவர் பெயரின் லத்தீன் வடிவம். இந்தத் தொடர்பு வரும் நூல் அவர் இறந்த பிறகு 1615-இல்தான் அச்சானது. ஒரு விஷயம், அவர் மிகை மூலங்களை மட்டுமே மூலங்களாக எடுத்துக்கொண்டார். குறை மூலங்கள், உங்கள் −6 கணக்கில் வந்த மாதிரியான "நடக்காத" மூலங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னவர் ஆல்பர்ட் ஜிரார்ட், 1629-இல். நியாயமாகப் பார்த்தால் பாதிப் பெயர் அவருக்குப் போக வேண்டும்.

ஸ்ரீதரர் வழி அருமையான வழி. அதில் சண்டையே இல்லை.

மிதவைப்புள்ளி

நான் நிரல் எழுதுகிறவன், கணித ஆள் இல்லை. ஆனால் "எதற்குச் சுற்றுவழி" என்பதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது.

ய² − 318ய + 3 = 0. ஆறு இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் கணிப்பான் என்று வையுங்கள். பாதி 159, 159² − 3 = 25278. வர்க்கமூலம் 158.991 (ஆறு இலக்கத்துக்கு முழுமையாக்கியது).

பெரிய மூலம்: 159 + 158.991 = 317.991. நன்றாக இருக்கிறது.
சிறிய மூலம்: 159 − 158.991 = 0.009.

உண்மையான சிறிய மூலம் 0.00943424. பார்த்தீர்களா? ஆறு இலக்கத்தோடு தொடங்கி ஒரே ஒரு இலக்கத்தோடு வந்து நிற்கிறோம். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழித்தால், முன்னால் இருக்கும் நல்ல இலக்கங்கள் எல்லாம் அடிபட்டு, முழுமையாக்கியதில் வந்த குப்பைதான் மிஞ்சும்.

அதே கணிப்பான். ஆனால் கழிக்காமல், பெருக்கற்பலன் 3 என்பதைப் பயன்படுத்துங்கள்: 3 ÷ 317.991 = 0.00943423. கடைசி இலக்கத்தில்தான் ஒன்று குறைகிறது.

அதனால் இருபடிச் சமன்பாட்டை ஒழுங்காகத் தீர்க்கும் நிரல்களில் கழித்தல் வராத மூலத்தை மட்டும் சூத்திரத்தில் போட்டு, மற்றதை இ/அ-விலிருந்து வகுத்து எடுப்பது வழக்கம். கணினியில் இலக்கங்கள் கூடுதல், அவ்வளவுதான். சிக்கல் அதேதான்.

இரவுப்பறவை

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வீட்டில் இருக்கும் கணிப்பானில் போட்டேன், அதில் இலக்கம் அதிகம் என்பதால் 318-க்குப் பதில் பெரிய எண் போட்டுப் பார்த்தேன். சொன்ன மாதிரியே சிறிய மூலம் கெட்டுப்போகிறது.

சரி, அடுத்த சந்தேகம். ப² + ம², ப³ + ம³, 1/ப + 1/ம எல்லாம் கூ, பெ இரண்டையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். ப − ம கண்டுபிடிக்க முடியுமா? ப² + 3ம? எது முடியும், எது முடியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பித்தன்

இந்தக் கேள்விக்காகத்தான் இழையைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன்.

கூ, பெ இரண்டுக்கும் ப எது, ம எது என்று தெரியாது. இரண்டையும் இடம் மாற்றினாலும் ப + ம அதேதான், ப·ம அதேதான். அப்படியானால் அந்த இரண்டிலிருந்து உருவாக்கும் எந்தக் கோவையும் இடமாற்றத்தில் மாறக் கூடாது. ப² + 3ம-வை இடம் மாற்றினால் ம² + 3ப ஆகிவிடுகிறது. வேறு மதிப்பு. ஆக கூ, பெ மட்டும் வைத்து ஒரே விடை சொல்ல முடியாது. ப − ம இடம் மாறினால் குறி மாறும். அதனால் (ப − ம)² கிடைக்கும், ப − ம கிடைக்காது. (ப − ம)² = கூ² − 4பெ. வர்க்கமூலம் எடுத்தால் ± வந்து உட்காரும். இருபடிச் சூத்திரத்தில் இருக்கும் ± இதுதான். எந்த மூலத்துக்கு எந்தப் பெயர் என்று சமன்பாட்டுக்குத் தெரியாததால் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்மை. இடமாற்றத்தில் மாறாத பல்லுறுப்புக் கோவை எதுவானாலும் கூ, பெ-யில் எழுதிவிடலாம். இரண்டு மூலங்களுக்கு நிரூபணம் சின்னது. அந்தக் கோவையில் ப⁵·ம² என்ற உறுப்பு இருந்தால், மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ப²·ம⁵ என்பதும் அதே கெழுவோடு இருந்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ப²·ம²(ப³ + ம³) = பெ²(ப³ + ம³). இப்படி எல்லா உறுப்பும் கடைசியில் பெ-யின் அடுக்கு, அடுக்குகளின் கூடுதல் என்று பிரிந்துவிடும். (ப³·ம³ மாதிரி தனியாக நிற்பது பெ³, அதில் பிரச்சினையே இல்லை.) அடுக்குகளின் கூடுதலுக்கு ஒரு ஏணி இருக்கிறது. ப என்பது மூலம் என்பதால் ப² = கூ·ப − பெ. இதை ப-யின் ஏதாவது ஒரு அடுக்கால் பெருக்கி, ம-வுக்கும் அதையே செய்து, கூட்டுங்கள்:

அடுத்த கூடுதல் = கூ × இந்தக் கூடுதல் − பெ × முந்தைய கூடுதல்.

தொடக்கம் 2 (அடுக்கு 0), பிறகு கூ. அப்புறம் ஏறிக்கொண்டே போகலாம். டீச்சரின் 3ய² − 7ய + 1-க்குப் போட்டால் 2, 7/3, 43/9, 280/27. அதே 280/27.

மிதவைப்புள்ளி

கூ = 1, பெ = −1 போட்டேன். 2, 1, 3, 4, 7, 11, 18, 29… இது லூகாஸ் எண்கள் அல்லவா! பிபனாச்சியின் அண்ணன் தம்பி முறை.

கணக்குப்பித்தன்

ஆமாம், ய² − ய − 1 = 0. மூலங்களில் √5 இருக்கிறது, ஆனால் அடுக்குக் கூடுதல் எல்லாம் முழு எண்கள். இதை வைத்து ஒரு வேடிக்கை காட்டலாம். (2 + √3)⁴ எவ்வளவு என்று கணிப்பானில் போடுங்கள். 193.9948… என்று வரும். ஏன் ஒரு முழு எண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில்? 2 + √3, 2 − √3 இரண்டும் ய² − 4ய + 1 = 0-இன் மூலங்கள். ஏணி 2, 4, 14, 52, 194. நான்காம் அடுக்குகளின் கூடுதல் சரியாக 194. இரண்டாவது மூலம் சுமார் 0.268, அதன் நான்காம் அடுக்கு 0.0052 கூட இல்லை. அந்தத் துளிதான் குறைகிறது. அடுக்கு ஏற ஏற இன்னும் நெருங்கும்.

நீலமை

புதிய சமன்பாடு அமைக்கும் கணக்குகளுக்கு வருவோமா? "ப², ம² ஆகியவற்றை மூலங்களாகக் கொண்ட சமன்பாடு" வகை. எங்களுக்கு ய² − (கூடுதல்)ய + பெருக்கற்பலன் = 0 என்று ஒரே அச்சுதான். 3ய² − 7ய + 1-க்கு: கூடுதல் 43/9, பெருக்கல் 1/9, ஆக 9ய² − 43ய + 1 = 0. வேறு வழி உண்டா?

குறுக்குவழி

இதில் என்னிடம் ஒன்று இருக்கிறது. புது மூலம் பழைய மூலத்தின் வர்க்கம் என்றால், பழையது = √ய. அதைச் சமன்பாட்டிலேயே போடுங்க:

3ய − 7√ய + 1 = 0 → 3ய + 1 = 7√ய → வர்க்கமாக்கினால் 9ய² + 6ய + 1 = 49ய → 9ய² − 43ய + 1 = 0.

கூடுதலும் வேண்டாம் பெருக்கலும் வேண்டாம். 1/ப, 1/ம வேண்டுமா? கெழுக்களைத் தலைகீழாக எழுதுங்க: ய² − 7ய + 3 = 0. இரண்டு மூலத்தோடும் 1 கூட்ட வேண்டுமா? ய இருக்கும் இடத்தில் ய − 1. அவ்வளவுதான்.

பழையசிலேட்டு

பேஷ். இதை நான் வகுப்பில் கூடுதல் முறைக்குப் பிறகுதான் காட்டுவேன், முன்னால் காட்டினால் யாரும் மற்றதைக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இது இரண்டு மூலங்களும் ஒரே மாதிரி மாறும்போதுதான் வேலை செய்யும். ப + 1/ம, ம + 1/ப என்று ஒன்றோடொன்று பின்னிக் கொடுத்தால்?

குறுக்குவழி

அதற்கும் வழி இருக்கிறது டீச்சர். ப·ம = 1/3 என்று தெரியும். அதனால் 1/ம = 3ப. ப + 1/ம = ப + 3ப = 4ப! மற்றது 4ம. பின்னல் அவிழ்ந்துவிட்டது. ய-க்குப் பதில் ய/4 போட்டால் 3ய² − 28ய + 16 = 0.

பழையசிலேட்டு

ஒப்புக்கொள்கிறேன், இது அழகு. கூடுதல் 28/3, பெருக்கல் 16/3, இரண்டும் சரியாக நிற்கின்றன. ஆனால் கவனித்தீர்களா, கடைசியில் ப·ம = இ/அ-வைப் பிடித்துத்தானே அவிழ்த்தீர்கள். :)

கணக்குப்பித்தன்

பொறி வைக்கும் கணக்கு ஒன்று. நேரம் இருப்பவர்கள் முயலலாம்.

ய² − 2த·ய + (த + 12) = 0. த ஒரு மெய்யெண். மூலங்கள் மெய்யெண்கள். ப² + ம²-இன் மிகச் சிறிய மதிப்பு என்ன?

நீலமை

கூ = 2த, பெ = த + 12. ப² + ம² = 4த² − 2த − 24. த = 1/4-இல் மிகச் சிறியது, மதிப்பு −97/4.

இரவுப்பறவை

அக்கா, அது மைனஸ்! மூலங்கள் மெய்யெண்கள் என்று கொடுத்திருக்கிறாரே. நான் இந்த இழையைத் தொடங்கியதே இதனால்தான் :)

தன்மைகாட்டி பார்க்கிறேன். 4த² − 4(த + 12) ≥ 0 → த² − த − 12 ≥ 0 → (த − 4)(த + 3) ≥ 0. ஆக த ≤ −3 அல்லது த ≥ 4. 1/4 அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொள்கிறது, எடுக்க முடியாது. ஓரங்களில் பார்த்தால்: த = −3-இல் 36 + 6 − 24 = 18. த = 4-இல் 64 − 8 − 24 = 32. விடை 18. சரிபார்ப்பு: த = −3 என்றால் ய² + 6ய + 9 = 0, மூலங்கள் −3, −3, வர்க்கங்களின் கூடுதல் 18.

கணக்குப்பித்தன்

அதேதான். கூ, பெ இரண்டும் எப்போதும் இருக்கும். மூலங்கள் மெய்யா என்று அவை தாமாக வந்து சொல்லாது, நாம்தான் கூ² ≥ 4பெ என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு: பெ மைனஸாக இருந்தால் கேட்கவே வேண்டாம், கூ² − 4பெ தானாகவே பிளஸ். ஒரு மூலம் மிகை, ஒன்று குறை. ஆனால் "இரண்டு மூலங்களும் மிகை மெய்யெண்கள்" என்றால் கூ > 0, பெ > 0 மட்டும் போதாது. முதல் பதிவில் இருந்த ய² − 2ய + 5-ஐயே பாருங்கள், கூ = 2, பெ = 5, இரண்டும் பிளஸ்.

நீலமை

இனிமேல் தன்மைகாட்டியைத்தான் முதலில் பார்ப்பேன். என் பங்குக்கு ஒன்று: ப² = 7ப − 2, ம² = 7ம − 2 எனில் ப/ம + ம/ப என்ன?

குறுக்குவழி

இரண்டும் ய² − 7ய + 2 = 0-இன் மூலங்கள். (49 − 4)/2 = 45/2.

நீலமை

ப ≠ ம என்று நான் சொல்லவே இல்லையே :) இரண்டும் ஒரே மூலமாக இருந்தால் ப/ம + ம/ப = 2.

பழையசிலேட்டு

இது விளையாட்டு இல்லை, முக்கியமான இடம். "ப, ம இரண்டும் சமன்பாட்டை நிறைவுசெய்கின்றன" என்பதும் "ப, ம இரண்டும் அதன் மூலங்கள்" என்பதும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: (ப − ம)(ப + ம) = 7(ப − ம). ப ≠ ம என்றால்தான் வகுத்து ப + ம = 7 என்று எடுக்க முடியும்.

விடை சரிபார்க்கும்போதும் இது உதவும். ய² − 5ய + 6 = 0-க்கு யாராவது 2, 2 என்று எழுதினால், ஒவ்வொன்றாகப் பிரதியிட்டுப் பார்த்தால் இரண்டுமே "சரி". கூட்டிப் பார்த்தால் 4. உடனே மாட்டிக்கொள்வார். அதனால் பிரதியிடுவதைவிடக் கூட்டி, பெருக்கிப் பார்ப்பதே மேல், வேகமும் கூட.

இரவுப்பறவை

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். "ஒரு மூலம் மற்றதன் வர்க்கம் எனில் கெழுக்களுக்கு இடையே உள்ள தொடர்பைக் காண்க." ம = ப² என்று போட்டால் கூ = ப + ப², பெ = ப³. பெ-யின் கனமூலம் எடுத்துப் போட வேண்டியிருக்கிறது, அசிங்கமாக வருகிறது. கணக்குப்பித்தன் சார் சொன்னபடி பார்த்தால் ம − ப² இடமாற்றத்தில் மாறுகிறதே, அப்போது இது கூ, பெ-யில் வராது என்றுதானே அர்த்தம்?

கணக்குப்பித்தன்

ம − ப² வராது. ஆனால் கேள்வியை மறுபடி வாசியுங்கள். "ஒரு மூலம் மற்றதன் வர்க்கம்" என்கிறார்கள், எது எதன் வர்க்கம் என்று சொல்லவில்லை. ம = ப² ஆகவும் இருக்கலாம், ப = ம² ஆகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்று நடந்தால் போதும் என்பதை எப்படி எழுதுவோம்? பெருக்கி:

(ம − ப²)(ப − ம²) = 0

இப்போது இடம் மாற்றுங்கள். முதல் காரணி இரண்டாவதாகிறது, இரண்டாவது முதலாவதாகிறது. பெருக்கல் மாறவில்லை. விரித்தால் ப·ம − ம³ − ப³ + ப²·ம² = 0, அதாவது

பெ + பெ² − (கூ³ − 3கூ·பெ) = 0.

2, 4 போட்டுப் பாருங்கள்: கூ = 6, பெ = 8. 8 + 64 − (216 − 144) = 0. கூ = −ஆ/அ, பெ = இ/அ போட்டு அ³-ஆல் பெருக்கினால் ஆ³ + அ²·இ + அ·இ² = 3அ·ஆ·இ. கனமூலம் எங்கும் இல்லை.

இரவுப்பறவை

அப்படியானால் "ஒரு மூலம் மற்றதன் இரு மடங்கு" என்பதற்கும் (ப − 2ம)(ம − 2ப) = 0 போடலாமா? போடுகிறேன்: 5பெ − 2(கூ² − 2பெ) = 0 → 2கூ² = 9பெ. 2ஆ² = 9அ·இ. புத்தகத்தில் இருக்கும் விடை இதுதான்!

கணக்குப்பித்தன்

இரண்டுக்குப் பதில் பொதுவாக ந மடங்கு என்று போட்டால் ந·கூ² = (ந + 1)²·பெ வரும். அதில் ந = 1 போட்டுப் பாருங்கள்.

இரவுப்பறவை

கூ² = 4பெ. தன்மைகாட்டி பூச்சியம், சம மூலங்கள்.

ந = −1 போட்டால் −கூ² = 0, கூடுதல் பூச்சியம். ஒன்று மற்றதன் எதிரெண் என்றால் அப்படித்தானே வர வேண்டும். சரி, மீதிக் கணக்குகளையும் இப்படியே போட்டுப் பார்க்கிறேன்.